அடிக்கட்டைகள்

அப்பா போயி ஏழு வருஷம் கழிச்சு, 2023-ல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, அவரோட வேலை பார்த்த மூணு பேர் வீட்டுக்கு வந்தாங்க. மூணு பேருக்கும் எழுபது தாண்டியிருக்கும். காபி குடிச்சு முடிச்சதும் ஃபிட்டரா இருந்த மாமாதான் ஆரம்பிச்சார். "தம்பி, அப்பா வெச்சிருந்த ரசீது புக்கெல்லாம் இருக்கா, இல்ல பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சா?"

போடல. அம்மா போட விடல. பரண்ல ரெண்டு ட்ரங்கு பெட்டி நிறைய இருந்துச்சு, நடுவுல அந்துருண்டை போட்டு.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு மெஷின் பார்ட்ஸ் கம்பெனியில டர்னர். 1979-லேர்ந்து 1998 வரைக்கும் அங்க இருந்த தொழிற்சங்கத்துக்குப் பொருளாளர். கம்பெனியை 2019-ல மூடிட்டாங்க. ஆள் இல்லாத சங்கத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு மிச்சம் இருந்தவங்க கூடிப் பேசி, கலைச்சுரலாம்னு முடிவெடுத்தாங்க. ஆனா பேங்க்ல ஃபிக்ஸட் டெபாசிட்டா 11 லட்சத்துச் சொச்சம் கிடக்கு. அதை யாருக்குக் கொடுக்கறது? சங்கம் கலைஞ்சா மிச்சப் பணத்தை எப்படிப் பிரிக்கணும்னு சங்க விதியிலயே எழுதி வெச்சுக்கலாம், எழுதலைன்னா சங்கங்களைப் பதிவு பண்ற ரிஜிஸ்ட்ரார் பிரிச்சுக் கொடுப்பார்னு அப்ப இருந்த சட்டம் சொல்லுச்சு. எங்கப்பா சங்க விதியில எழுதியிருந்தது: அவங்கவங்க கட்டின மொத்த சந்தா எவ்வளவோ அந்த விகிதத்துல, ஆள் இல்லைன்னா வாரிசுக்கு.

அப்படின்னா நாப்பது வருஷத்துல யார் யார் எவ்வளவு கட்டினாங்கன்னு தெரியணும். அது தெரிஞ்ச ஒரே இடம் எங்க வீட்டுப் பரண்தான். அதுக்கப்புறம் ஆறு மாசம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்த மூணு மாமாங்களும் வந்து ஹால்ல பாய் விரிச்சு உக்காருவாங்க, நான் லேப்டாப்ல ஏத்துவேன். அப்பாவைப் பத்தி எனக்குத் தெரியாத நெறைய விஷயம் ரசீதைக் கிழிச்சுக் கொடுத்தப்புறம் புக்குலயே நிக்கிற அந்த அடிக்கட்டைகள்லேர்ந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன், சங்கப் பணம்னா என்னன்னும் அப்பதான் புரிஞ்சுது. அதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

1979-ல சந்தா மாசம் 1 ரூபா. சம்பளம் கவர்ல போட்டுக் கையில கொடுத்த காலம் அது. 7-ஆம் தேதி ஷிப்ட் விடற நேரத்துக்கு அப்பா கேட்டுக்கு எதிர்ல இருந்த டீக்கடை பெஞ்சுல ரசீது புக்கோட உக்காந்துருவார். ஒவ்வொருத்தரா வருவாங்க. பேரு, டோக்கன் நம்பர், துறை, தொகை எழுதிக் கிழிச்சுக் கொடுப்பார். அப்ப 380 பேர், 380 ரூபா வசூலாக அஞ்சு நாள் ஆகும். ஏன்னா ஒருத்தரும் சும்மா ஒரு ரூபாயை நீட்டிட்டுப் போக மாட்டாங்களாம். ஷூ ரெண்டு வருஷமா தரல, ஃபோர்மேன் திட்டுறான், கேன்டீன்ல சாம்பார் தண்ணியா இருக்கு, பொண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்குன்னு எல்லாம் சொல்லிட்டுத்தான் போவாங்க. அப்பா அதையெல்லாம் அடிக்கட்டைக்குப் பின்னாடி பென்சில்ல குறிச்சு வெச்சிருக்கார். "ஹீட் ட்ரீட்மென்ட் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடல." "வலது காது கேக்கல, ஈஎஸ்ஐக்கு லெட்டர்." பின்பக்கம் படிச்சா அந்த ஃபேக்டரியோட முழு சரித்திரமே இருக்கு.

இந்த ரசீது, ரொக்கப் புத்தகம், வருஷா வருஷம் ரிஜிஸ்ட்ராருக்கு அனுப்பற ரிட்டர்ன், இதெல்லாம் ஏன் வந்துச்சுன்னு தேடிப் போனா கதை நம்ம பெரம்பூர்ல வந்து நிக்குது. 1918 ஏப்ரல் 27-ல ஆரம்பிச்ச சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவுல முறையா உறுப்பினர் சேர்த்து சந்தா வாங்கி நடந்த முதல் சங்கங்கள்ல ஒண்ணு. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் ஆரம்பிச்சாங்க, பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் கூட இருந்தார். எதிர்ல பின்னி கம்பெனியோட பக்கிங்காம், கர்நாடிக் மில்லு. 1920-ல தகராறு முத்தினப்ப, வாடியாவும் சங்கத்துக்காரங்களும் தொழிலாளிகளைத் தூண்டிவிட்டு ஒப்பந்தத்தை மீற வைக்கிறாங்கன்னு சொல்லி கம்பெனி ஐகோர்ட்டுக்குப் போச்சு, நஷ்ட ஈடும் கேட்டுச்சு. கோர்ட் இடைக்காலத் தடை போட்டுச்சு. கடைசியில வாடியா சங்கத்தை விட்டே விலகறதா ஒரு சமாதானத்துக்கு வந்துதான் அது ஓஞ்சுது.

யோசிச்சுப் பாருங்க, மில்லுல நூல் நூத்தவன் கொடுத்த அணாக்களைச் சேர்த்து வெச்சிருக்கிற ஒரு சங்கம். அது மேல நஷ்ட ஈட்டுத் தீர்ப்பு வந்துட்டா என்ன மிஞ்சும்? இது பின்னிக்காரங்க புதுசா கண்டுபிடிச்ச ஆயுதமும் கிடையாது. 1901-ல பிரிட்டன்ல டாஃப் வேல் ரயில்வே கம்பெனி வழக்குல, வேலைநிறுத்தத்தால கம்பெனிக்கு வந்த நஷ்டத்தை சங்கத்தோட நிதியிலேர்ந்தே எடுக்கலாம்னு, அப்ப அங்க கடைசிக் கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பு சொல்லுச்சு. ரயில்வே தொழிலாளர் சங்கம் நஷ்ட ஈடா மட்டும் 23,000 பவுண்டு கட்டுச்சு, கோர்ட் செலவெல்லாம் சேர்த்து 42,000 வந்துச்சு. 1906-ல சட்டம் போட்டுத்தான் அங்க அதை மாத்தினாங்க. இங்க பின்னி வழக்குக்கு அப்புறம் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1921-ல மத்திய சட்டசபையில சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வேணும்னு தீர்மானம் கொண்டுவந்தார், இழுத்து இழுத்து 1926-ல தொழிற்சங்கச் சட்டம் வந்துச்சு. பதிவு பண்ண சங்கத்து மேல வேலைநிறுத்தத்துக்காக அந்த மாதிரி சிவில் வழக்கு போட முடியாதுன்னு அதுல 18-ஆவது பிரிவு. 2025-ல புதுச் சட்டத் தொகுப்பு வர்ற வரைக்கும் இந்தச் சட்டம்தான் இருந்துச்சு.

அந்தப் பாதுகாப்புக்குப் பதிலாதான் சட்டம் கணக்கு கேட்டுச்சு. எந்த உறுப்பினர் வந்து கேட்டாலும் கணக்குப் புத்தகத்தைக் காட்டணும், வருஷம் ஒரு தடவை ஆடிட் பண்ணணும், எதுக்குச் செலவு பண்ணலாம்னு 15-ஆவது பிரிவுல ஒரு பட்டியலே இருந்துச்சு. அரசியல் செலவுன்னா 16-ஆவது பிரிவுப்படி தனி நிதி, அதுக்குக் கொடுக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு இருந்துச்சு. வருஷ ரிட்டர்ன் அனுப்பலைன்னா அபராதம் 5 ரூபா, வாரத்துக்கு 5 ரூபாயா ஏறி மொத்தத்துல 50 ரூபாய்க்கு மேல போகாதுன்னு இருந்துச்சு. அபராதம் சின்னதுதான், ஆனா பதிவை ரத்து பண்ணிட்டா சங்கம் நிர்வாணமா நிக்கும். அப்பா அதனாலதான் வருஷா வருஷம் அந்த ஃபார்மை நிரப்பறதுக்கு ரெண்டு நாள் லீவு போடுவார். வீட்டுல டிவி ஓடக் கூடாது.

அந்த 15-ஆவது பிரிவுப் பட்டியல்ல ஒரு வரி என்னை ரொம்ப நேரம் நிறுத்திருச்சு. இறந்த உறுப்பினரோட ஈமச் சடங்கு செலவுக்கு சங்க நிதியிலேர்ந்து கொடுக்கலாம்னு இருந்துச்சு. 1926-ல வெள்ளைக்காரன் காலத்துல எழுதின சட்டத்துல! அப்பாவோட ரொக்கப் புத்தகத்துல அந்தத் தலைப்புல வருஷத்துக்கு நாலஞ்சு பதிவாவது இருக்கும். மாலை, பாடை, வேன் வாடகை, சுடுகாட்டுக் கூலி. அதுக்கு மேல கீழ பாத்தா மைக் செட் வாடகை, கொடித் துணி, போஸ்டர் ஒட்ட மைதா, வக்கீல் குமாஸ்தா, டீ, டீ, டீ. எல்லாத்துக்கும் வவுச்சர் இருக்கு. டீக்கு ரசீது கிடைக்காதுன்னு டீக்கடைக்காரர் கையெழுத்தே வாங்கி வெச்சிருக்கார்.

1984-ல நடந்த ஒரு விஷயத்தை மாமாங்க சொன்னாங்க, அது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அந்த வருஷ மழையில அப்பா சைக்கிள்ல வரும்போது பையோட ஒரு ரசீது புக்கு எங்கயோ விழுந்துருச்சு. அப்ப சந்தா 2 ரூபா. பணம் வீட்டுல பெட்டியில இருக்கு, அடிக்கட்டை போச்சு. ரெண்டே நாள்ல ஃபேக்டரி பூரா பேச்சு, புக்கைத் தொலைச்சேன்னு சொல்லிட்டு எவ்வளவு அமுக்கினாரோன்னு. அப்பா அந்த வாரமே பொதுக்குழு கூட்டச் சொல்லிட்டார். மத்த புக்குல இருக்கிற பேரையெல்லாம் கழிச்சுட்டு, அந்த மாச சந்தா பதிவாகாத பேரை ஒண்ணு ஒண்ணா மைக்ல படிச்சார். கொடுத்தவங்க எந்திரிச்சு நின்னு "கொடுத்தேன்"னு சொல்லணும். 64 பேர் எந்திரிச்சாங்க. 64 பேரும் சாட்சியா பேரு பேரா தீர்மானப் புத்தகத்துல ஏறினாங்க. 128 ரூபா வரணும், பெட்டியில எண்ணினா 126.

அப்பா எல்லார் முன்னாடியும் ரெண்டு ரூபா குறையுதுன்னு சொல்லிட்டு அதை அப்படியே எழுதிட்டார். தன் பாக்கெட்லேர்ந்து போடல, போட்டா அது பொய்க் கணக்குன்னாராம். அடுத்த வாரம் ராத்திரி ஒருத்தர் வீட்டுக்கு வந்திருக்கார். "தோழர், எல்லாரும் எந்திரிச்சாங்க, உக்காந்திருந்தா அசிங்கமா இருக்குமேன்னு நானும் எந்திரிச்சுட்டேன், இந்தாங்க"ன்னு ரெண்டு ரூபாயைக் கொடுத்துட்டுப் போயிருக்கார். ரொக்கப் புத்தகத்துல அந்தத் தேதியில "விடுபட்ட சந்தா 2.00"ன்னு ஒரு வரி இருக்கு, பேரு இல்ல. கடைசி வரைக்கும் அப்பா யார்கிட்டயும் அந்தப் பேரைச் சொல்லலையாம். அம்மாவுக்குத் தெரியும்னு நினைக்கிறேன், கேட்டா சிரிக்கிறாங்க.

1987-ல 52 நாள் ஸ்ட்ரைக். அந்தக் கணக்கு எழுதின பக்கங்களை லேப்டாப்ல ஏத்தும்போது எனக்கு மூச்சு முட்டுச்சு. ஆரம்பிச்ச அன்னிக்கு சங்க நிதி 18,400 ரூபா. 380 பேருக்குத் தலைக்கு 50 ரூபா கொடுக்கணும்னா 19,000 வேணும். எட்டு வருஷ சேமிப்பு, ஒரே ஒரு தடவை அம்பது ரூபா கொடுக்கக் காணல. அதனால கைக்குழந்தை இருக்கிற வீடு, ஆஸ்பத்திரியில ஆள் இருக்கிற வீடுன்னு பார்த்து அரிசி மட்டும் கொடுத்திருக்காங்க. மத்தவங்களை யார் காப்பாத்துனா? எதிர்ல மளிகைக் கடை வெச்சிருந்த அண்ணாச்சி கடன் கொடுத்தார், அடகுக் கடைக்குப் போன கம்மல், ஊருக்கு அனுப்பின பிள்ளைங்க, வீட்டு வேலைக்குப் போன அம்மாக்கள். எங்கம்மா அந்த ரெண்டு மாசம் இட்லி மாவு அரைச்சு வித்தாங்க. இந்த நாட்டுல வேலைநிறுத்த நிதின்னு ஒண்ணு எந்தக் கணக்குலயும் வராம வீட்டு அடுப்படியிலதான் இருந்திருக்கு. பம்பாயில 1982 ஜனவரி 18-ல ஆரம்பிச்ச மில் ஸ்ட்ரைக்ல ரெண்டரை லட்சம் பேரு ஒரு வருஷத்துக்கு மேல தாக்குப்பிடிச்சது சங்கம் கொடுத்த படியில இல்ல, கொங்கணத்துலயும் சதாராவுலயும் இருந்த சொந்த ஊர் வயலை நம்பித்தான்.

இதுல அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு பழைய கதை உண்டு. 1918 அகமதாபாத் மில் போராட்டத்துல வெளியாளுங்க பணம் கொடுக்கறேன்னு வந்தப்ப, தர்மத்துல சாப்பிட்டுப் போராடக் கூடாதுன்னு காந்தி சொல்லிட்டார். சாப்பாட்டுக்கு வழி? சபர்மதி ஆசிரமத்துல நெசவுப் பள்ளிக்கூட அஸ்திவாரத்தை மணல் போட்டு நிரப்பணும்னு இருந்தது, ஸ்ட்ரைக்ல இருந்தவங்க ஆத்து மணலைக் கூடையில வரிசையா சுமந்து கூலி வாங்கினாங்க. அப்பா அதைச் சொல்லிட்டு, ஆனா நம்ம உண்டியலும் தர்மம் இல்லப்பாம்பார். அம்பத்தூர் ஸ்டேஷன்ல உண்டியல் ஏந்தி நின்னப்ப பக்கத்து கம்பெனிக்காரங்க போட்ட எட்டணா, நாலணா எல்லாம் தேதி வாரியா புத்தகத்துல இருக்கு. "உண்டியல் குலுக்கி"ன்னு கிண்டல் பண்றவங்களை இன்னிக்கும் பாக்கறேன். அந்தப் பக்கத்தை ஒரு தடவை அவங்க படிச்சாங்கன்னா அந்த வார்த்தை வாயில வராது.

அதுக்காக நிறைய பணம் இருந்தா பிரச்னை தீர்ந்துரும்னும் நான் நம்பல. அமெரிக்க கார் தொழிலாளர் சங்கம், யூஏடபிள்யூ, சந்தாவை ரூபாய்க் கணக்குல இல்லாம நேரக் கணக்குல வாங்குது. மாசம் ரெண்டு மணி நேரக் கூலின்னு இருந்ததை 2014-ல ரெண்டரை மணி நேரமா ஏத்தி, ஏத்தின அரை மணியை வேலைநிறுத்த நிதிக்குன்னு ஒதுக்கினாங்க. 2023-ல மூணு பெரிய கார் கம்பெனியையும் எதிர்த்து ஸ்ட்ரைக்ல இறங்கினப்ப அந்த நிதியில சுமார் 82.5 கோடி டாலர், வெளிய வந்த ஒவ்வொருத்தருக்கும் வாரம் 500 டாலர். அப்பவும் எல்லாரையும் ஒரே நாள்ல வெளிய கூப்பிடாம சில பிளான்ட்டை மட்டும் நிறுத்தி நிதியை நீட்டினாங்க. கூலி ஏறினா சந்தா தானா ஏறுதுங்கற அந்த ஏற்பாடு நம்மகிட்ட வந்திருக்கணும்னு எனக்கு ஆத்திரமே வருது. ஆனா அதே சங்கத்தோட முன்னாள் தலைவர்கள் டென்னிஸ் வில்லியம்ஸும் கேரி ஜோன்ஸும் சங்கப் பணத்தைக் கையாடல் பண்ணின வழக்குல 2021-ல ஜெயில் தண்டனை வாங்கினாங்க. கால்ஃபுக்கும் சுருட்டுக்கும் போயிருக்கு, ஒரு லைன்ல நின்னு கார் பூட்டறவனோட ரெண்டரை மணி நேரம். இங்கிலாந்துல சுரங்கத் தொழிலாளர் சங்கத்துக்கு வேற மாதிரி ஆச்சு. 1984 ஸ்ட்ரைக் நடுவுல கோர்ட் அவமதிப்புன்னு 2 லட்சம் பவுண்டு அபராதம், கட்டாததால மொத்தச் சொத்தையும் முடக்கினாங்க. வெளிநாட்டு பேங்க்குக்கு மாத்தி வெச்ச பணத்தையும் விடாம தேடிப் போனாங்க. அங்கயும் கடைசியில ஊர் ஊரா பொம்பளைங்க நடத்தின சமையல் கூடம்தான் சோறு போட்டுச்சு.

நம்ம ஊர்ல சந்தா ஏன் ஏறவே இல்லன்னு மாமாங்ககிட்ட கேட்டேன். சட்டப்படி குறைஞ்சபட்ச சந்தா மாசம் 25 பைசான்னு 1960-ல வெச்சாங்க. கஜேந்திரகட்கர் தலைமையில இருந்த தேசியத் தொழிலாளர் கமிஷன் அதை 1 ரூபாயாக்குங்கன்னு 1969-ல சொல்லுச்சு, 2001-ல திருத்தம் வந்துதான் வருஷத்துக்கு 12 ரூபான்னு ஆச்சு, அமைப்புசாரா ஆளுங்களுக்கு 3 ரூபா, கிராமத்துல 1 ரூபா. அதுவரைக்கும் சட்டத்துல அந்த 25 பைசாதான். சட்டம் ஒரு பக்கம், ஏத்தினா ஆள் பக்கத்து சங்கத்துக்குப் போயிருவான்னு பயம் இன்னொரு பக்கம். ஒரே கேட்ல மூணு கொடி பறக்கும்போது எவன் முதல்ல சந்தாவை ஏத்துவான்? அதனால முழு நேரத்துக்கு சம்பளம் கொடுத்து ஒரு ஆளை வைக்க முடியாது, சம்பளம் வாங்காம வர்ற வெளித் தலைவரைத்தான் நம்பணும், அவர் பின்னாடி ஒரு கட்சி இருக்கும். இந்தச் சங்கிலியை எங்கப்பா சங்கத்து வரவு செலவுலயே காட்ட முடியும் என்னால.

அடிக்கட்டைக்கு அப்ப இன்னொரு பலமும் இருந்துச்சு. கம்பெனிகளும் சங்கங்களும் ஒத்துக்கிட்ட 1958 ஒழுங்கு விதிப்படி எந்த சங்கம் பெருசுன்னு சரிபார்க்கும்போது, முந்தின ஆறு மாசத்துல மூணு மாசமாவது சந்தா கட்டினவங்களைத்தான் உறுப்பினரா எண்ணுவாங்க. லேபர் ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து அடிக்கட்டையை எண்ணிட்டுப் போவார், அப்பாவுக்கு அன்னிக்குப் பரீட்சை மாதிரி.

அப்புறம் செக்-ஆஃப் வந்துச்சு. தொழிலாளி எழுதிக் கொடுத்தா சம்பளத்துலயே சந்தாவைப் பிடிச்சு சங்கத்துக்குக் கொடுக்கலாம்னு சம்பளப் பட்டுவாடா சட்டத்துல 1982-ல திருத்தம் வந்தது. எங்கப்பா கம்பெனியில 1991-ல சங்கமும் கம்பெனியும் போட்ட செட்டில்மென்ட்ல அதைச் சேர்த்தாங்க. அஞ்சு நாள் வசூல் ஒரு செக்ல முடிஞ்சுது, பாக்கியே கிடையாது. அப்பா முதல்ல ரொம்ப சந்தோஷப்பட்டிருக்கார், பாவம், கால் வலி வேற. ஆனா 1991-க்கு அப்புறம் பென்சில் குறிப்பு ஒண்ணு கூட இல்ல. டீக்கடை பெஞ்சுக்கு யாரும் வர்றதில்ல, ஏன் வரணும்? எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடலங்கறதை யார் யார்கிட்ட சொன்னாங்களோ, சங்கத்துக்கு வரல. செக்-ஆஃப் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அது இல்லாத சங்கங்க வசூலுக்கே செத்துப் போயிருக்கு. செக் வந்ததுக்கு அப்புறமும் அந்த பெஞ்சுல போயி உக்காந்திருக்கணும், அதை அவங்க விட்டுட்டாங்க. ஃபிட்டர் மாமாவே இதைச் சொல்லிட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தார்.

சம்பளப் பட்டியல்ல பேர் இருக்கிறவனுக்குத்தான் செக்-ஆஃப். 2000-க்கு அப்புறம் உள்ள வந்ததெல்லாம் கான்ட்ராக்ட் பசங்க, அவங்க சம்பளம் வேற ஆபீஸ்ல. அவங்ககிட்ட ரசீது புக்கை எடுத்துக்கிட்டு யாரும் போகல. நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற ஓய்வு பெற, 2015-ல 61 பேர். தலைக்கு 20 ரூபா சந்தா, வருஷத்துக்கு 14,640. ஆனா 1994-லயும் 1999-லயும் சம்பள அரியர்ஸ்லேர்ந்து சங்கத்துக்குன்னு லெவி பிடிச்சு பேங்க்ல போட்டது வட்டி குட்டி போட்டு, அந்த வருஷ வட்டி மட்டும் 70,000 தாண்டியிருக்கு. பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தா சங்கம் அவ்வளவு ஆரோக்கியமா இருந்ததே கிடையாது. கேட்டுக்குள்ள அப்ப 300 பசங்க சங்கம் இல்லாம வேலை பார்த்துக்கிட்டிருந்தாங்க.

பட்டியல் முடியறதுக்கு 2024 ஆயிருச்சு. ஏறக்குறைய 500 பேர், பாதிக்கு மேல வாரிசுங்க. சிலருக்கு 4,000 கிட்ட, ரெண்டு வருஷம் மட்டும் இருந்தவங்களுக்கு நூறு இருநூறு. தேடிப் போயி கொடுத்தாங்க, வாங்கினதுக்கு ரசீது வேணுமே, மாமா கடையில புது வவுச்சர் புக்கு வாங்க மாட்டேன்னுட்டார். அப்பாவோட கடைசி ரசீது புக்குங்க எழுதாம அஞ்சாறு இருந்துச்சு, அதுலயே "பெற்றுக்கொண்டேன்"னு மாத்தி எழுதி கையெழுத்து வாங்கினாங்க. எங்க வீட்டுக்கு 3,140 ரூபா. அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை எண்ணிட்டு கையெழுத்துப் போட்டாங்க. மாமா ரசீதைக் கிழிச்சு அம்மாகிட்ட கொடுத்துட்டு, அடிக்கட்டையைத் திருப்பிப் போட்டு, பின்னாடி பென்சில்ல என்னமோ எழுதினார். அப்புறம் புக்கை மூடி ட்ரங்கு பெட்டியில வெச்சார்.